ஒரே நாடகம், மூன்று ராஜாக்கள்: பாடவேளையில் இசை நாடகம் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியர் நான். ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். மனுநீதிச் சோழன் கதையை 35 நிமிட இசை நாடகமாக, மூன்று செட் பிள்ளைகளை வைத்து, பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒத்திகை பார்த்துப் போடுகிறோம். மற்ற பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் என் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

மூன்று செட் என்றால் என்ன? மூன்று நாடகமா?

நாடகம் ஒன்றுதான். அதே பாட்டு, அதே வசனம், அதே தேர். ஆட்கள்தான் மூன்று வரிசை. செட்டுக்கு 14 பேர்: ராஜா, ராணி, இளவரசன், மந்திரி, பசு, கன்று, ஆராய்ச்சி மணி, கட்டியக்காரன் என்று எட்டுப் பாத்திரம், ஊரார் நான்கு பேர், தேர் இழுக்க இரண்டு பேர். ஆமாம், மணிக்கும் ஒரு பிள்ளை உண்டு. தலையில் பித்தளை நிறத் தாள் தொப்பியோடு ஸ்டூல் மேல் நின்று, பசு கயிற்றை இழுத்ததும் "டாண்" என்று பாட வேண்டும். மிகப் போட்டி இருந்த வேடம் அது.

ஒரு செட் மேடையில் இருக்கும்போது மற்ற 28 பேரும் ஓரத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். ஆகவே மூன்று ஆட்டத்திலும் 42 பேருக்கும் வேலை இருக்கிறது.

எதற்கு இந்தத் தலைவலி? நன்றாக நடிக்கும் 14 பேரை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்ததே?

முடியும். பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆறாம் வகுப்பில் ஆண்டாள் வேடம் போட்ட பெண்ணே ஏழில் கண்ணகி, எட்டில் ஜான்சி ராணி. மீதிப் பிள்ளைகள் கைதட்டிப் பழகினார்கள். பாடவேளையை எடுத்து ஒன்றைச் செய்தால் அது வகுப்பு முழுவதற்கும் சேர வேண்டும் என்பதுதான் என் கணக்கு. 14 பேருக்கான நாடகத்துக்கு 42 பேரின் பாடவேளையை எடுக்க எனக்கு உரிமை இல்லை.

மாலையில் ஒத்திகை வைக்கலாமே?

எங்கள் ஊரில் 4.40 மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. பாதிப் பிள்ளைகள் அந்த பஸ்ஸில் போகிறவர்கள். சிலர் வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்கு டியூஷன். மாலையில் ஒத்திகை வைத்தால் பள்ளிக்கு அருகில் வீடு இருக்கிறவர்களும் கூட்டிப்போக ஆள் இருக்கிறவர்களும்தான் தங்குவார்கள். அப்புறம் ராஜா வேடம் யாருக்குப் போகும் என்பதை பஸ் நேரம் முடிவு செய்துவிடும்.

எத்தனை பாடவேளை தேவைப்படும்?

மூன்றாம் பருவம் ஜனவரியில் தொடங்கும்போதே ஆரம்பித்து பிப்ரவரிக் கடைசியில் முடித்துவிடுவோம். வாரத்துக்கு மூன்று பாடவேளை: இரண்டு தமிழ், ஒன்று கலை. எட்டு வாரத்துக்கு 24 வர வேண்டும். கையில் கிடைத்தது 19. பொங்கல் விடுமுறை, குடியரசு நாள் அணிவகுப்புப் பயிற்சி, திடீரென்று வந்த ஓர் ஆய்வு என்று ஐந்து போய்விட்டன. 45 நிமிடப் பாடவேளை 19 என்றால் 14 மணி நேரமும் சில்லறையும். அதற்குள் மூன்று செட்.

அதை இப்படிச் செலவழித்தோம். முதல் ஆறு பாடவேளையில் பாட்டு மட்டும். வேடம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த நான்கில் ஒவ்வொரு காட்சியையும் எல்லாரும் எல்லா வேடத்திலும் செய்து பார்த்தார்கள். பிறகுதான் வேடம் பிரித்தேன். அடுத்த ஆறு, செட் வாரியான ஒத்திகை. கடைசி மூன்றும் செட்டுக்கு ஒன்றாக முழு ஓட்டம்.

மார்ச்சுக்குத் தள்ளிவிடாதீர்கள். பொதுத்தேர்வு வந்துவிட்டால் ஹாலில் மேசைகளில் எண் ஒட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் மூச்சு விடக்கூட முடியாது. அக்டோபர், நவம்பரும் வேண்டாம். எங்கள் பக்கம் மழை லீவு எப்போது விடுவார்கள் என்று கலெக்டருக்கே காலையில்தான் தெரியும்.

பாடம் என்ன ஆகும்? தலைமையாசிரியர் ஒத்துக்கொள்வாரா?

எங்கள் தலைமையாசிரியர் முதல் நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "போர்ஷன் முடியுமா சார்?" முடியும் என்று வாய் வார்த்தையாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பாடத்தின் எந்தப் பகுதி நாடகத்துக்குள் வருகிறது, எது வராது, வராததை எந்த நாளில் எடுப்பேன் என்ற பட்டியல் அது. உரையாடல் எழுதுதல், நிறுத்தி உச்சரித்தல், நிறுத்தற்குறி, எதுகை மோனை, லகர ளகர ழகரம் எல்லாம் உள்ளே வந்தன. இலக்கணத்தில் இரண்டு தலைப்புகள் வரவில்லை. அவற்றைத் தனியாகத்தான் எடுத்தேன். அதில் ஒன்று அவசரமாகத்தான் போயிற்று, மறைக்கவில்லை.

மதிப்பெண்ணுக்கும் வழி உண்டு. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று இருக்கும் வகுப்புகளில், செயல்பாட்டுக்கான மதிப்பெண்ணில் நாடகம் அழகாக உட்காரும். ஆனால் நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். பசுவாக நடித்தவன் ராஜாவைவிட இரண்டு மதிப்பெண் குறைவாக வாங்கினால் அடுத்த ஆண்டு உங்களுக்குப் பசு கிடைக்காது. நான் மதிப்பெண் கொடுத்தது ஒத்திகைக் குறிப்பேட்டுக்கு. தன் பாத்திரம் ஏன் அப்படிச் செய்கிறது என்று அரைப் பக்கம், இன்னொரு செட்டைப் பார்த்து எழுதிய குறிப்பு அரைப் பக்கம்.

ஏன் மனுநீதிச் சோழன்? பிள்ளைகளுக்குத் தெரிந்த பழைய கதைதானே?

தெரிந்த கதை என்பதால்தான். கதையைப் புரியவைக்க ஒரு பாடவேளைகூடப் போகவில்லை. திருவாரூர் எங்களுக்குப் பக்கம். கோயிலுக்கு அருகே நிற்கும் கல்தேரையும் சக்கரத்தடியில் கிடக்கும் உருவத்தையும் பார்க்காத பிள்ளை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதையே பல செட்டில் ஆடிய கதை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன் நிற்கும் கண்ணகி, தன் ஊர்ப் பெருமையாக இதைச் சொல்கிறாள். சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில், திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் இடத்தில் இதை விரித்துப் பாடுகிறார். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் இதே மணியையும் பசுவையும் தேர்ச்சக்கரத்தையும், அங்கே ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் மீது ஏற்றிச் சொல்கிறது. அங்கே மாண்ட பிள்ளை மாண்டதுதான். சேக்கிழாரிடம் இறைவன் தோன்ற, கன்றும் இளவரசனும் மந்திரியும் எழுந்துவிடுகிறார்கள். இதை வகுப்பில் சொன்னதும் ஒரு பையன், "அப்ப எது சார் ஒரிஜினல் செட்?" என்று கேட்டான். அதற்கப்புறம் மூன்று செட் என்பதை நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தகப்பனே மகன் மேல் தேர் ஏற்றும் கதையை 12 வயதுப் பிள்ளைகளை வைத்துப் போடலாமா?

எதைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கன்று அடிபடுவதையும் இளவரசன் சாவதையும் நாங்கள் காட்டவில்லை. தேர் நகரும், நான்கு ஊரார் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே பிடிப்பார்கள், பின்பாட்டு சட்டென்று நிற்கும். அவ்வளவுதான். பெரியபுராணத்தில் மன்னன் கட்டளையை நிறைவேற்ற மனமில்லாத மந்திரி தன் உயிரை விட்டுவிடுகிறான். அதை மாற்றினோம், எங்கள் மந்திரி உடைவாளைக் கழற்றி வைத்துவிட்டு அரண்மனையை விட்டு வெளியே போய்விடுவான். மாற்றியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னோம். இறைவனுக்கு வேடம் கட்டவில்லை. விளக்கு, ஒரு பாட்டு, கன்று எழுந்து நடக்கும். எங்கள் வகுப்பில் மூன்று மதப் பிள்ளைகளும் உண்டு. வேடம் பிரிக்கும் முன்பே வீடுகளில் கேட்டுக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பின்பாட்டிலும் மேடைக்குப் பின்னாலும் நிறைய வேலை இருந்தது.

பாட்டுக்கு எங்கே போவது?

ஊருக்குள்தான். இளவரசன் தேரேறி வரும் இடத்துக்குக் காவடிச்சிந்து நடை, ஊர்ப்பெண்கள் வரும் இடத்துக்குக் கும்மி, ராஜா தனியாக நிற்கும் இடத்துக்கு விருத்தம், பசுவுக்கு ஒப்பாரி. மெட்டு பழையது, சொல் எங்களுடையது. பசுவின் ஒப்பாரியில் முதல் இரண்டு வரி வகுப்பிலேயே பிறந்தது:

முட்டிக் குடிச்ச பாலு மூக்கோரம் காயலையே
எட்டெடுத்து வச்ச காலு ஏழுவீதி பாக்கலையே

"மூக்கோரம் காயலையே" என்று சொன்ன பெண்ணின் வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது. எனக்கு அந்தச் சொல் வந்திருக்காது.

சினிமா மெட்டு வேண்டாம் என்பது என் பிடிவாதம். எவ்வளவு நல்ல வரி எழுதினாலும் மூன்றாம் நாள் பிள்ளைகள் வாயில் சினிமா வரிதான் வரும்.

வேடம் எப்படிப் பிரித்தீர்கள்? சீட்டுக் குலுக்கியா?

குலுக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு விருப்பமான மூன்று வேடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள், நான் பிரித்தேன். இதில் முதல் ஆண்டு நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாடுகிறவர்கள் எல்லாரையும் ஒரே செட்டில் போட்டுவிட்டேன், ஒரு செட்டாவது நம்பிக்கையாக இருக்கட்டும் என்று. செட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயரும் வைத்தேன். பத்தே நாளில் பிள்ளைகள் அதை 'மெயின் செட்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் செட் ஒத்திகைக்கு வரும்போதே தோற்றுப்போன அணி மாதிரி வந்தது. பாதியில் கலைக்கவும் முடியவில்லை.

மறு ஆண்டு எண்ணை விட்டுவிட்டுக் குறிஞ்சி, முல்லை, மருதம் என்று வைத்தோம். ஒத்திகைக்கு மட்டம் போடுகிறவர்களுக்குப் 'பாலை செட்' என்ற பட்டம் பிள்ளைகளாகவே வைத்தது. பலமான குரல்களைப் பங்கிட்டேன், அதிலும் ஒரே வேடத்துக்குக் கொடுக்கவில்லை. குறிஞ்சியில் நல்ல குரல் ராஜாவுக்கு, முல்லையில் பசுவுக்கு, மருதத்தில் கட்டியக்காரனுக்கு. அதனால் ஒவ்வொரு செட்டும் ஒவ்வோர் இடத்தில் உயர்ந்தது. முல்லை செட் ஆடிய அன்று ஒப்பாரிக்கு எட்டாம் வகுப்புப் பையன்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்த பிறகு, ராஜாதான் பெரிய வேடம் என்ற பேச்சு அடங்கிவிட்டது.

"என் பொண்ணு போயும் போயும் மாடா சார்?"

இப்படிக் கேட்ட அப்பாவை முழு ஓட்டத்துக்கு வரச் சொன்னேன். வந்தார். போகும்போது எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் உண்மையான கழுத்துமணி ஒன்றைத் துடைத்துக் கொடுத்தனுப்பினார். மூன்று பசுவும் அதைத்தான் கட்டிக்கொண்டன.

ஒரு செட் ஒத்திகை பார்க்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த முறை நிற்பதும் விழுவதும் இங்கேதான். 14 பேர் வேலை செய்து 28 பேர் வேடிக்கை பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சந்தை ஆகிவிடும்.

45 நிமிடத்தை 12, 12, 12 என்று மூன்றாக வெட்டிக்கொள்வேன்; மீதி ஒன்பது இடம் மாறவும் மூச்சு விடவும். முதல் 12 நிமிடம் குறிஞ்சி என்னோடு மேடைக் காட்சி. முல்லை மரத்தடியில், அவர்களுடைய கட்டியக்காரன் தலைமையில் பாட்டுப் பயிற்சி. மருதம் பார்க்கும் செட். அப்புறம் சுற்றி வருவது.

பார்க்கும் செட்டுக்குச் சும்மா பார்க்க உரிமை கிடையாது. மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும். யாருடைய குரல் கடைசித் தூணுக்குக் கேட்கவில்லை? யார் முதுகைக் காட்டிப் பேசினார்? எந்த வரி விழுங்கப்பட்டது? பெயரைச் சொல்லாமல் பாத்திரத்தைச் சொல்லித்தான் குறை சொல்ல வேண்டும். "கார்த்திக் கத்துறான்" கூடாது. "மந்திரி கத்துறார், ராஜா மெதுவா பேசுறதால மந்திரிதான் ராஜா மாதிரி இருக்கார்" சரி. இரண்டாவது வகையில் பேச அவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்கப்புறம் என்னைவிட நன்றாகக் கவனித்தார்கள், ஏனென்றால் அதே காட்சியை அடுத்து அவர்கள் செய்தாக வேண்டும்.

பக்கத்து வகுப்புகளுக்குத் தொந்தரவு இல்லையா?

உண்டு. பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சரிடம் முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவர் கோபம் நியாயம். பிறகு பாட்டை சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனோம். ஹாலில் மௌன ஒத்திகை: வாய் அசைத்து, நடையும் கையும் மட்டும், தாளம் தொடையில். இது சமாதானத்துக்காகச் செய்தது. ஆனால் இடம் மாறி நிற்பவர்களை அதில்தான் சுலபமாகப் பிடிக்க முடிந்தது.

ஆராய்ச்சி மணிக்கு ஒருநாள் ஆசைப்பட்டுப் பள்ளியின் தண்டவாள மணியையே அடித்துப் பார்த்தோம். ஆறாம் வகுப்பு முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதோடு மணிக்குப் பிள்ளையே போதும் என்று முடிவானது.

மூன்று ராஜாவுக்கும் குரல் வேறு. சுருதி எப்படி?

வேறுதான். குறிஞ்சி ராஜா ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு) சுகமாகப் பாடினான். முல்லை ராஜா ஒரு பெண், ஐந்தரை. மருதம் ராஜாவுக்கு ஜனவரியில் நான்கு கட்டை எட்டியது, பிப்ரவரியில் மகரக்கட்டு, அதாவது வளர்கிற வயதில் குரல் உடைவது, ஆரம்பித்துவிட்டது. இதனால்தான் கரோக்கி ட்ராக்கை நம்ப வேண்டாம் என்கிறேன். பதிவு செய்த இசை ஒரே சுருதியில் நிற்கும். அதற்குப் பிள்ளையை இழுக்க வேண்டியிருக்கும். ஹார்மோனியம் வாசிக்க ஆள் இருந்தால் பாக்கியம். இல்லையென்றால் கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தான் போதும். அதுவும் இல்லையென்றால் போனில் தம்புராவை வைத்துக்கொண்டு, ஒரு சோடி ஜால்ரா, ஒரு டோலக். ஒவ்வொரு செட்டுக்கும் எந்தப் பாட்டு எந்தக் கட்டை என்று அட்டையில் பெரிதாக எழுதி வாசிப்பவர் முன்னால் மாட்டிவிடுங்கள்.

குரல் உடையும் பையனை உச்சியில் பாடச் சொல்லித் துன்புறுத்தக் கூடாது. மருதம் ராஜாவின் விருத்தத்தைப் பாதி வசனமாக மாற்றினோம். மேல் வரிகளைப் பின்பாட்டு எடுத்துக்கொண்டது. தகப்பன் பேச முடியாமல் திணற, ஊர் பாடுகிறது என்று அது வேறு அர்த்தம் பெற்றுவிட்டது. பார்த்தவர்கள் நாங்கள் யோசித்துச் செய்ததாக நினைத்துப் பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுப் பள்ளி முறையா?

நமக்கு இது புதிதல்ல. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். சிறுவர்களே எல்லா வேடமும் கட்டிய பாய்ஸ் கம்பெனிகளின் காலம் அது. குரல் உடைந்த சிறுவன் ஸ்திரீபார்ட்டை, அதாவது பெண் வேடத்தை, விட்டாக வேண்டும். வேறொருவன் தயாராக இருந்தாக வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தையும் பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே ராத்திரி முழுக்க ஆடுவார்கள். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது என்பதால் அது நடக்கிறது. நான் முதல் ஆறு பாடவேளையைப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்கியதும் அதற்காகத்தான்.

ஆட்டத்தன்று ஒரு பிள்ளை வரவில்லை என்றால்?

எங்களுக்கு நடந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் முல்லை ராணிக்கு அம்மை போட்டுவிட்டது. குறிஞ்சி ராணி போய் நின்றாள். ஒத்திகையில் ஒருமுறைகூடச் சேர்ந்து நடிக்காத ராஜா. இருந்தும் ஓர் இடத்தில்தான் தடுமாறினார்கள். கடைசி வாரத்தில் வேண்டுமென்றே செட்டைக் கலைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இந்த ராஜா அந்த ராணியோடு. முல்லை ராணி குணமாகி வந்ததும் ஆண்டு விழாவில் நடித்துவிட்டாள்.

வசனம் மறந்துவிட்டால்?

திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக்கொடுக்க வேண்டாம். முதல் வரிசைக்குக் கேட்கும், நடிக்கும் பிள்ளைக்குக் கேட்காது. பின்பாட்டுக்காரர்கள் கடைசியாகப் பாடிய வரியை இன்னொரு முறை பாடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அது பாட்டின் பகுதி. மறந்தவனுக்கு எட்டு விநாடி. அந்த வரியிலேயே அடுத்த வசனத்தின் முதல் சொல் வருகிற மாதிரி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. இது பாட்டு எழுதும்போதே செய்ய வேண்டிய வேலை.

மூன்று செட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டுமா?

நிற்கும் இடமும் உள்ளே வெளியே போகும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் மாற்ற முடியாது. மற்றதை விட்டுவிடுங்கள். குறிஞ்சி மந்திரி வாளை வீசி எறிந்தான். முல்லை மந்திரி அதை ராஜா காலடியில் மெதுவாக வைத்தாள். மருதம் மந்திரி வைத்துவிட்டு, போகிற போக்கில் இளவரசனின் தலையைத் தடவினான். மந்திரி செய்தது சரியா என்று மறுநாள் வகுப்பில் நடந்த சண்டை மணி அடித்தும் ஓயவில்லை. ஒரே செட்டாக இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

ஆண்டு விழாவில் ஒரு முறைதான் நேரம் தருவார்கள். எந்த செட்டை ஏற்றுவது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேள்வி வரும் முன்பே பதிலைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏற்பாடு: முழு ஆட்டம் மூன்றும் ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரத்தில், பகலில், வெவ்வேறு வகுப்புகளுக்கு முன்னால். வர முடிந்த பெற்றோரும் வரலாம். ஆண்டு விழா மேடையில் மூன்று செட்டும் காட்சிக்கு ஒன்றாக. தேர் வரும் காட்சி குறிஞ்சி, மணி அடிக்கும் காட்சி முல்லை, தீர்ப்பு மருதம்.

ராஜா மாறுவதை மறைக்காதீர்கள். எங்கள் மேடையில் மணி ஒலித்ததும் ஒரு ராஜா கிரீடத்தைக் கழற்றி, எதிரே வரும் ராஜாவின் தலையில் வைப்பார். கட்டியக்காரன் பராக் சொல்வான். ஊர்க்காரர்களுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. கூத்தும் வில்லுப்பாட்டும் பார்த்த கண்கள் அவை.

உடைக்கு மூன்று மடங்கு செலவா?

இல்லை. தைத்த உடை வாங்கினால்தான் அளவு பிரச்சினை. வேட்டி, துண்டு, அங்கவஸ்திரம், புடவை எல்லாம் சுற்றிக் கட்டுவது. நிறைய ஊக்கு இருந்தால் எந்த உடம்புக்கும் பொருந்தும். ஆளுக்குத் தனியாக வேண்டியது ஒன்றே ஒன்று: கிரீடத்துக்குள் வைக்கும் துணி. ஒரே கிரீடம் மூன்று தலைக்குப் போனால் பேனும் கூடவே போகும்.

மைக்?

ஊர் மைக் செட்டுக்காரரிடம் முன்கூட்டியே போய், பின்பாட்டுக்கு இரண்டு, மேடை முன்னால் தரையோடு இரண்டு என்று சொல்லிவிடுங்கள். காலர் மைக்கை ஆட்டத்துக்கு நடுவில் ராஜாவுக்கு ராஜா மாட்டுவது வீண் வேலை. கிரீடம் மாற்றும் இடத்தில் கரகர சத்தம்தான் கேட்கும்.

காப்புரிமைச் சிக்கல் வருமா? வீடியோ போடலாமா?

நீங்களே எழுதினால் சிக்கல் இல்லை. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த படைப்பும் பொதுவானது. மற்றவர் எழுதிய நாடகத்தையும் பாட்டையும் பள்ளிச் செயல்பாடாகப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நடத்த, 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பார்ப்பவர்கள் பள்ளியைச் சேர்ந்தவர்கள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருக்கும் வரை கவலை இல்லை. டிக்கெட் விற்பதும் யூடியூபில் ஏற்றுவதும் அந்த வட்டத்தைத் தாண்டியவை.

வீடியோ பற்றி என் விதி: மூன்று செட்டையும் எடுக்க வேண்டும், அல்லது ஒன்றையும் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் போடக் கூடாது. ஒரு செட் மட்டும் வாட்சப்பில் சுற்றினால் அதுதான் மெயின் செட்.

மேடையே ஏற மாட்டேன் என்கிற பிள்ளையை என்ன செய்வது?

ஏற்ற வேண்டாம். தேர் இழுக்கச் சொல்லுங்கள். தேருக்குப் பின்னால் நிற்பவர் முகம் தெரியாது, ஆனால் அவர் இல்லாமல் தேர் நகராது. எங்கள் வகுப்பில் யாரிடமும் வாய் திறக்காத ஒரு பையன் மூன்று ஆட்டத்திலும் தானே தேர் இழுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தத் தேர் எப்படிச் செய்தது? இப்போது எங்கே இருக்கிறது?

இரண்டு பழைய சைக்கிள் சக்கரம், ஒரு பெஞ்சு, டிவி வந்த அட்டைப்பெட்டி, கோயில் தேரில் குழல் மாதிரித் தொங்கவிடுகிற தொம்பைத் துணி. சக்கரங்களை சைக்கிள் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டார். பெஞ்சு மறுபடி ஏழாம் வகுப்பில். அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. தொம்பைத் துணி மட்டும் பீரோவில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஜனவரிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.